உப்புப் பாக்கற ஆளு

வேண்டாங் கண்ணு, நீ சாப்புடு. என்னையப் பாத்துட்டு இருக்காத. நான் பஸ்ல ஒண்ணும் வாயில போட மாட்டேன். அதுலயும் இன்னொருத்தர் டப்பாவுல கை வெக்கற பழக்கம் எனக்குச் சின்னதுல இருந்தே கெடையாது. உன்னையக் கொற சொல்லல சாமி. எலுமிச்சஞ்சோத்து வாசன அவினாசி தாண்டறதுக்குள்ளயே பஸ்ஸு பூராப் பரவிருச்சு. கடலப்பருப்பு செவக்க வறுத்துப் போட்டிருக்குது, அம்மா கட்டிக் குடுத்தாங்களா? அதான பாத்தேன்.

எங்க போற, கோபியா? பேங்க்ல புது வேலை. பரவால்லயே. தங்கறது லேடீஸ் ஹாஸ்டல்ல. அப்படின்னா நீ என்ர ஆளு. கோபிக்கு முன்னால ரோட்டு மேலயே பெரிய ஆர்ச்சு வெச்சு ஒரு இஞ்சினியரிங் காலேஜ் வரும், அங்க பொம்பளப் புள்ளைக ஹாஸ்டலுக்கு நான்தான் வார்டன். பேரு வசந்தாமணி. காலேஜ் பேரு வேண்டாம். சொன்னா இப்பவே போனுல தட்டிப் பாப்ப, அதுல எல்லாத்தோட படமும் இருக்கும், என்ர படம் மட்டும் இருக்காது. அது ஒரு வயித்தெரிச்சல்.

வயித்தெரிச்சல்னு வாய உட்டுட்டேன், இனி முழுசாச் சொல்லாம இருந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும். உனக்கும் கோபி வர்ற வரைக்கும் பொழுது போவோணும். கேளு.

நான் அந்த ஹாஸ்டலுக்குப் போய்ச் சேந்தப்ப மெஸ்ஸு மெஸ்ஸாட்டவா இருந்துச்சு? சந்தையாட்ட இருந்துச்சு. நீட்டு நீட்டா பெஞ்சு, எதுத்தாப்புல எதுத்தாப்புல உக்காந்துட்டு ஒரே நாயம். ஒருத்தி தட்டுல இருக்கற அப்பளத்த இன்னொருத்தி புடுங்கறா. ஒருத்தி கடிச்ச வடைய இன்னொருத்தி வாங்கி, கூச்சநாச்சமில்லாம, அந்தப் பக்கத்துலயே கடிக்கறா. எனக்குக் கொமட்டிட்டு வந்துச்சு. நான் தண்ணியவே அண்ணாந்து குடிச்சு வளந்தவ. என்ர கல்யாணத்தன்னைக்கு, என்ர ஊட்டுக்காரரு எலையில இருந்து ஒரு துண்டு லட்டு எடுத்துக் குடுத்தாரு, அதையே கைக்குட்டையில முடிஞ்சு வெச்சு அப்பறமா மாட்டுக்குப் போட்டவ நானு. இதுகளப் பாத்தா எப்படி இருக்கும்?

பத்து நிமிசத்துச் சோத்துக்கு ஒரு மணி நேரம். தட்டக் கழுவிப்போட்டும் எந்திரிக்க மாட்டாளுக. படிக்கற நேரம் பூரா அங்கயே போயிருது. கேட்டா, மேடம் சும்மா பேசிட்டு இருந்தோம் மேடங்கறாளுக. சும்மா பேசறதுக்கா அப்பங்காரன் பீஸு கட்டறான்?

அப்ப செமஸ்டர் பரிச்சைக்கு மேற்பார்வைக்கு என்னையப் போட்டாங்க. ஹாலுக்குள்ள போறேன், அமைதின்னா அப்படி ஒரு அமைதி. எல்லா நாற்காலியும் ஒரே தெசையப் பாத்துட்டு இருக்குது. ஒரு நாற்காலிக்கும் அடுத்ததுக்கும் நடுவால ஒரு ஆளு நடக்கற எடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பரு. எவளும் எவ மூஞ்சியும் பாக்கல. எனக்கு அங்க நின்னுட்டு இருக்கறப்பவே மனசு குளுந்து போச்சு. மெஸ்ஸும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சேன்.

நெனச்சது மட்டுமில்ல, செஞ்சும் போட்டேன். பழைய பரிச்ச ஹாலு நாற்காலிக, கையோட பலகை வெச்சது, ஒரு ரூம்பு நெறையக் கெடந்துச்சு. அத்தனையும் மெஸ்ஸுக்குள்ள கொண்டாந்து, சுவத்தப் பாத்தாப்புல வரிசையாப் போட்டேன். நீட்டு பெஞ்செல்லாம் குடோனுக்குப் போயிருச்சு. எந்தப் புள்ளைக்கு எந்த நாற்காலின்னு நம்பரு ஒட்டியாச்சு. வரோணும், தட்ட வாங்கோணும், உன்ர நம்பருல உக்காரோணும், சுவத்தப் பாத்துச் சாப்புடோணும், எந்திரிச்சுப் போவோணும். பேச்சுங்கறதே கெடையாது. நான் பின்னால கையக் கட்டிட்டு அப்படியே நடந்து வருவேன்.

ஒரு மாசத்துல எச்ச வாளி பாதிக்கும் கீழ எறங்கிருச்சு கண்ணு. சோறு வீணாகறதே இல்ல. அரிசி மூட்ட மிச்சம். பிரின்சிபால் மீட்டிங்குல என்னைய எந்திரிக்கச் சொல்லி எல்லாரையும் கை தட்டச் சொன்னாங்க. நான் பட்டுச் சேல கட்டிட்டுப் போயிருந்தேன்.

ஆனா பாரு, அந்த வருசம் என்னமோ கெரகம் புடிச்ச வருசம். புள்ளைகளுக்கு மாறி மாறி நோக்காடு. ஒருத்திக்குத் தலவலி, ஒருத்திக்கு வாயெல்லாம் புண்ணு, ஒருத்திக்கு மாசாமாசம் வர்றது நின்னு போச்சு. காலைல அசெம்பிளில நிக்கறப்ப ரெண்டு பேராவது பொத்துனு உழுந்துருவாளுக. மார்க்கும் எறங்குது. ரூம்பு குப்பைத் தொட்டியத் தொறந்தா பிஸ்கட் கவரும் நூடுல்ஸ் டப்பாவும் நெறஞ்சு வழியுது. நான் ரொம்ப யோசிச்சுக் கண்டுபுடிச்சேன். எல்லாம் மொபைலு. மொபைலுன்னா கண்ணு கெடும், கண்ணு கெட்டாத் தலவலி, தலவலின்னா மார்க்கு எறங்கும். மொபைல் கூடாதுன்னு வாசல்லயே போர்டு எழுதி மாட்டுனேன்.

அந்த வருசந்தான் ருமைஸா வந்தா. அதிராம்பட்டினம் புள்ள. கடலோரம். இத்தனூண்டு மூஞ்சி, பெரிய கண்ணு, தலையில முக்காடு, பேசுனாக் காது குடுத்துக் கேக்கோணும், அவ்வளவு மெதுவாப் பேசுவா. அவிய அப்பாவுக்குக் கைலி யாவாரம். சின்னதுல இருந்தே கைலிக்கட்டுக நடுவால வளந்ததுல நெசவு மேல அவளுக்கு ஒரு பைத்தியம். டெக்ஸ்டைல் இஞ்சினியரிங் படிக்கோணும்னு ஒத்தக்கால்ல நின்னு அத்தன தூரத்துல இருந்து இங்க வந்து சேந்திருக்கறா. என்ர சேல முந்தானையப் புடிச்சுப் பாத்துப்போட்டு, மேடம் இது எந்த ஊரு தறின்னு சரியாச் சொல்லிருவா. அந்தப் புள்ள மேல எனக்கு ஆச கண்ணு. அத மறைக்கறதுக்கு என்ன இருக்குது.

அவளுக்கு நல்ல எடமாப் பாத்துத்தான் குடுத்தேன், மூலையில, ஜன்னலோரம், சுவத்துக்கு ஒரு மொழந்தூரம். தெனமும் பாப்பேன். தட்ட வெச்சுட்டு உக்காந்திருப்பா. ஒரு கவளம் உருட்டுவா, அதையே திருப்பித் திருப்பி உருட்டுவா, மறுபடி தட்டுலயே வெச்சுருவா. அப்பறம் பொட்டாட்ட எந்திரிச்சுப் போயிருவா. பொறவு சோறு வாங்கறதையே உட்டுட்டா. நான் என்ன நெனச்சேன், உடம்பு எளைக்கறதுக்கு என்னமோ பண்றாளாட்ட இருக்குதுன்னு. இப்பத்தப் புள்ளைக அப்படித்தான.

அப்படி இருக்கறப்ப ஒரு நாள் தறி ஓட்டற லேப்புல மயங்கி உழுந்துட்டா. நல்லவேள, தறி நின்னுட்டு இருந்துச்சு. ஓடிட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? கோபிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரம்மா குளுக்கோஸ் ஏத்திப்போட்டு, என்ன சாப்புட்டேன்னு கேட்டா, பிஸ்கட்டுங்கறா. நேத்து? பிஸ்கட். முந்தாநேத்து? சொல்ல மாட்டேங்கறா.

அவிய அப்பாவுக்குப் போன் போட்டேன். அவரு கத்துவாருன்னு பாத்தேன், கத்தல. ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போயிர்றேன் மேடம், படிப்பு வேண்டாம், புள்ள முழுசா இருந்தாப் போதும்னாரு. போன வெச்சுப்போட்டேன். இவ கட்டல்ல உக்காந்துட்டு அழுவறா. "ஊருக்குப் போனா அங்க டெக்ஸ்டைல் இல்ல மேடம். வேற என்னமோதான் படிக்கணும். எனக்குச் சாப்பிடணும்னுதான் இருக்கு. எறங்க மாட்டேங்குது மேடம்."

ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தப் புள்ளையச் சோறு திங்க வெக்கோணும், இல்லைன்னா அவ படிப்பு அவ்வளவுதான். ஆனது ஆவட்டும்னு நானே எறங்குனேன். என்ர ரூம்புலயே அடுப்புப் பத்த வெச்சு, அரிசிம்பருப்பு ஆக்கி, மேல நெய்ய ஊத்தி, அவளக் கூட்டிட்டு வந்து என்ர மேசையில உக்கார வெச்சேன். நான் நாற்காலிக்குப் பின்னால நின்னுட்டேன். ஒரு இமை கூடத் தட்டாமப் பாத்துட்டே நின்னேன் கண்ணு. அப்படியும் சாப்புடல. ரெண்டு வாய் எடுத்துப்போட்டுத் திரும்பி, "நீங்க சாப்டீங்களா மேடம்?" ங்கறா.

"நான் அப்பறமா சாப்புட்டுக்கறேன், நீ சாப்புடு."

"சரிங்க மேடம்" னு தலைய ஆட்டிட்டுக் கையக் கழுவிட்டா. அரிசிம்பருப்பு அப்படியே கெடக்குது. இதுக்கு மேல ஒருத்தி என்னதான் பண்றது?

கோவத்த அடக்கிட்டுக் கேட்டேன். "உன்ர ஊட்டுல எப்படித்தான் திம்ப? உன்ர அம்மா என்ன பண்ணுவாங்க, ஊட்டி உடுவாங்களா?"

"உம்மா ஒண்ணும் பண்ண மாட்டாங்க மேடம். கூட உக்காந்து சாப்பிடுவாங்க."

அப்பறந்தான் விவரம் சொல்றா. அவிய ஊட்டுல ஆளுக்கொரு தட்டுங்கறதே கெடையாதாம். ஒரே பெரிய தட்டு, அதுக்கு சஹன்னு பேராம். பாய விரிச்சு நடுவால அத வெச்சு, அம்மா, அக்காளுக, இவ, எல்லாரும் ஒட்டுக்கா சுத்தி உக்காந்து அதுலயே கையப் போட்டுச் சாப்புடறது. பொறந்ததுல இருந்து தனித்தட்டுல இவ சாப்புட்டதே இல்லையாம். எனக்குக் கேக்கறப்பவே ஒரு மாதிரியாப் போச்சு.

"எச்சி ஆவாதா?"

"இல்ல மேடம். அவங்கவங்க பக்கத்துல இருந்துதான் எடுப்போம். நடுவுல இருக்கறத அடுத்தவங்க பக்கம் தள்ளி விடுவோம். கடைசி ஆளு முடிக்கற வரைக்கும் யாரும் எந்திரிக்க மாட்டோம்."

நல்லாத்தான் இருக்குது உங்க நாயம்னு சொல்லி, ரெண்டு சத்து மாத்தரையக் குடுத்துத் தாட்டி உட்டேன்.

மக்காநாளு பாத்து போரு மோட்டரு கருகிப் போச்சு. ஹாஸ்டல்ல பொட்டுத் தண்ணி இல்ல. லாரித் தண்ணி சமைக்கறதுக்கும் பாத்ரூமுக்குமே பத்தல. இத்தனப் புள்ளைக தட்டக் கழுவறதுக்கு எங்க போறது? வாழையெலைக்கு ஆள் உட்டேன். வளர்பிற முகூர்த்தம், சுத்துப்பட்டுல ஒரு மண்டபம் உடாமக் கல்யாணம், எலைன்னு சொல்லிக்க ஒரு கிழிசல் கெடைக்கல. பேப்பர்த் தட்டு எங்க காலேஜுக்குள்ள வரக்கூடாதுன்னு நான்தான் போர்டு எழுதி மாட்டியிருந்தேன்.

சமையல் மாஸ்டர் சின்னச்சாமி தலையச் சொறிஞ்சுட்டு நிக்கறாரு. குடோன்ல, எங்க சேர்மன் பொண்ணு கல்யாணத்துக்குச் சீரு வெக்கறதுக்கு வாங்குன தாம்பாளத் தட்டுக அடுக்கு அடுக்காக் கெடந்துச்சு. ஒவ்வொண்ணும் மாட்டு வண்டிச் சக்கரமாட்டம். அத மட்டும் கழுவுனாப் போதுமில்லைங்களா மேடம், நாலு பேருக்கு ஒண்ணுங்கறாரு. எனக்கு மனசே இல்ல. ஆனா தண்ணி இல்லையே கண்ணு. தண்ணி இல்லாத கொறைக்குத்தான் சரின்னேன், அத நல்லாக் கேட்டுக்கோ.

நாற்காலிப் பலகையில அந்தத் தட்டு நிக்காது. நாற்காலியெல்லாம் ஓரமாத் தள்ளிப்போட்டுத் தரையில உக்காரச் சொன்னேன். புள்ளைகளுக்குத் திருவிழா வந்தாட்ட ஆயிருச்சு. ஒரே சிரிப்பாணி. ஆனா எப்படிச் சாப்புடறதுன்னு ஒருத்திக்கும் தெரியல. ஒருத்தி நடுவால கைய உடறா, இன்னொருத்தி மத்தவ பக்கத்துக் கொழம்ப இழுக்கறா. அப்ப இவ, இந்த ருமைஸா, காது குடுத்துக் கேக்க வேண்டிய புள்ள, மெஸ்ஸு நடுவுல எந்திரிச்சு நின்னு எல்லாருக்கும் கேக்கறாப்புலப் பேசறா. உன் பக்கத்துல இருந்து எடு. நல்லதா இருந்தா அடுத்தவ பக்கம் தள்ளு. கடைசி ஆளு முடிக்காம எவளும் எந்திரிக்கக் கூடாது. எனக்கே ஆச்சரியமாப் போச்சு.

நான் எப்பவும் போலப் பின்னால கையக் கட்டிட்டு நடந்து வர்றேன். சந்தை திரும்பி வந்துருச்சுன்னு உள்ளுக்குள்ள பொருமிட்டுத்தான் வர்றேன். மூலைத் தட்டுல ருமைஸா, மௌனிகான்னு ஒரு வாயாடி, ஒரு நாமக்கல் புள்ள, மூணே பேரு. சோறு போட்டாச்சு, உருளக்கெழங்கு வறுவல் வெச்சாச்சு, ஆனா கைய வெக்காம உக்காந்திருக்காளுக.

"ஏன் சாப்புடாம உக்காந்திருக்கறீங்க?"

"மேடம், எங்க தட்டுல ஒரு ஆளு கொறையுது" ங்கறா மௌனிகா.

"கொறஞ்சா என்ன, மூணு பேரு சாப்புடுங்க."

ருமைஸா நிமிந்து பாத்தா. "நாலு பேரு தட்டு மேடம்."

எனக்கு என்ன தோணுச்சுன்னா, இவ இன்னைக்கும் சாப்புடாமப் போயிட்டா நாள மறுநா அவிய அப்பா வந்து கூட்டிட்டுப் போயிருவாரே. அதுவுமில்லாம அன்னைக்குச் சின்னச்சாமி உப்புக் கூடப் போட்டுட்டாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். வார்டன்னா உப்புப் பாக்கோணுமில்ல? சரி, உப்புப் பாக்கறேன்னு சொல்லிப்போட்டு, மொழங்காலப் புடிச்சுட்டு உக்காந்தேன்.

நுனிவெரல்ல ரெண்டு பருக்கை எடுத்து வாயில போட்டேன். உப்புச் சரியாத்தான் இருந்துச்சு. வேலை முடிஞ்சுது, எந்திரிக்கலாம்னு பாத்தா, எந்திரிக்கக் கூடாதாமே. உக்காந்துட்டேன். அதுக மூணும் சாப்புடுது. கொஞ்ச நேரம் போனதும் ருமைஸா மெதுவாச் சொல்றா, "மேடம், உங்க பக்கம் அப்படியே இருக்கு."

குனிஞ்சு பாக்கறேன். ஆமா. அதுக பக்கமெல்லாம் கொறஞ்சு தட்டு தெரியுது, என்ர பக்கம் மட்டும் சோறு செவுரு வெச்சாட்ட நிக்குது. தனித்தட்டுன்னாக் கொஞ்சமாப் போட்டுட்டேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இதுல முடியாது, ஊரே பாக்கும். அந்த வாயாடி மௌனிகா நடுவால இருந்த உருளக்கெழங்க எடுத்து என்ர பக்கம் தள்ளி உடறா. நாமக்கல் புள்ள அப்பளத்துல பாதிய ஒடச்சு வெக்கறா. என்ர ஊட்டுக்காரரு போனது பையன் பள்ளிக்கூடம் படிக்கறப்ப. அதுக்கப்பறம் எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து ஒருத்தரும் வெச்சதில்ல. ரூம்புல கதவச் சாத்திட்டு, நின்னுட்டே, டப்பாவுல இருக்கறத உண்டுபோட்டுக் கழுவி வெக்கறவ நானு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. காரம் கண்ணு. சின்னச்சாமிக்கு வரமொளகா அளவே தெரியாது.

சாப்புட்டேன். நான் முடிச்சாச்சு, மௌனிகா முடிச்சாச்சு, நாமக்கல் புள்ளையும் முடிச்சாச்சு. ருமைஸா பக்கந்தான் மிச்சம். எனக்கா மொழங்கால் உயிர் போவுது. அவ என்ர மூஞ்சியப் பாத்தா. "கால் வலிக்குதா மேடம்? இருங்க, முடிச்சிடறேன்" னு சொல்லிப்போட்டு, கண்ணு, எடுத்து எடுத்துச் சாப்புடறா. கடைசிப் பருக்கை வரைக்கும் வழிச்சுச் சாப்புட்டா. பாத்தியா, எத்தன செல்லங் குடுத்தாலும் புள்ளைகளுக்கு ஒரு பயம் வேணும். நான் எதுத்தாப்புல உக்காந்து கண்டிப்பாப் பாத்ததுல பயந்துதான் சாப்புட்டா.

அடுத்த வேளையும் தண்ணி வரல. அடுத்த வேளையும் அவுங்க தட்டுல ஒரு ஆளு கொறஞ்சுது. அடுத்த வேளையும் உப்புப் பாக்கோணுமில்ல.

ஞாயித்துக்கெழம அவிய அப்பா வந்தாரு. ஜெய்னுலாப்தீன்னு பேரு. தூங்காத கண்ணு, கையில ஒரு தூக்குப்போசி. ஆம்பளைக பார்வையாளர் ரூம்பத் தாண்டி வரக் கூடாது. அதனால அங்கயே அவருக்கு ஒரு தட்டுல சோறு போட்டு, மூடி வெச்சிருந்தேன். புள்ள சாப்புடறாளா மேடம்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவ தாம்பாளத்தத் தூக்க முடியாமத் தூக்கிட்டு வர்றா. நான் வெச்ச தட்ட ஓரமா நவுத்திப்போட்டு, தரையில உக்காந்து, "வாப்பா, வாங்க" ங்கறா.

மனுசன் உக்காந்தாரு. தன்ர பக்கத்துல இருந்து ஒரு வாய் எடுக்கறாரு, கண்ணு பூரா அவ பக்கத்து மேலயே இருக்குது. அவ பக்கம் கொறையுது. இன்னுங் கொறையுது. தட்டு தெரிய ஆரம்பிச்சதும் அவரு தோளுத் துண்டால மொகத்தத் தொடச்சுக்கிட்டு நடுவால இருந்த கத்திரிக்காயத் தள்ளி அவ பக்கம் வெச்சாரு. எல்லாம் முடிஞ்சு கை கழுவிப்போட்டு எங்கிட்ட வந்து சொன்னாரு, "ரெண்டு டிக்கெட் எடுத்திருந்தேன் மேடம். ஒண்ணக் கேன்சல் பண்ணிர்றேன்." அந்தத் தூக்குப்போசியில வட்டலப்பம்னு ஒரு பலகாரம் கொண்டாந்திருந்தாரு. அதுல நான் இனிப்புப் பாத்தேன்.

மோட்டரு மக்காநாளே சரியாயிருச்சு. ஆனா என்னமோ தெரியல, தட்டுக் கழுவற தொட்டிக்கு மட்டும் தண்ணி ஏறவே இல்ல. பிளம்பரு வந்து வந்து பாத்துட்டுப் போறான். அந்த லைனுக்கு ஒரு வால்வு இருக்குது, அது இருக்கற ரூம்புச் சாவி என்ர கொத்துல இருக்குது. அவன் கேக்கல, நானும் சொல்லல. தண்ணி மிச்சந்தான? அதனால இன்னைக்கு வரைக்கும் தாம்பாளந்தான் ஓடிட்டு இருக்குது, வேற வழியில்லாம.

அதுல ஒரு வசதி என்னன்னா, மேற்பார்வைக்குச் சுலபம். எவ பக்கம் சோறு நிக்குதோ அவளுக்கு என்னமோ வெசனம். நான் போய்க் கேக்கறதுக்கு முந்தியே பக்கத்துல இருக்கறவ கேட்டுப் போடறா. ஒருத்தி அரியர் வெச்சது, ஒருத்தி ஊட்டுல சண்ட, ஒருத்தி எவனோ பேசலன்னு அழுவறது, எல்லாம் தட்டச் சுத்தியே வெளிய வந்துருது. அசெம்பிளில உழுவறது நின்னு போச்சு. குப்பைத் தொட்டியில நூடுல்ஸ் டப்பாவக் காணம். மொபைல் போர்டு நல்லா வேலை செய்யுது.

வயித்தெரிச்சல் என்னன்னு கேளு. காலேஜ் மலர்ல இதப் பெருசாப் போட்டாங்க. மாணவியர் நலன் திட்டமாம். பிரின்சிபால் படம், சேர்மன் படம், தாம்பாளத்துப் படம் கூட இருக்குது. என்னையக் காணம். ஒழுங்கு கொண்டாந்தது யாரு? நம்பரு ஒட்டுனது யாரு? அந்த நாற்காலியில வரிசையா உக்காந்து பழகுனதாலதான புள்ளைக இன்னைக்குத் தட்டச் சுத்தி இவ்வளவு அழகா உக்காருதுக. ஒருத்தருக்கும் அது தெரியல. உடு.

இப்பவா? லீவு போட்டுட்டுப் பையன் ஊட்டுக்குப் போயிட்டு வர்றேன். கோயமுத்தூர்ல பெரிய பிளாட்டு. பையனும் தங்கம், மருமவளும் தங்கம், பேரனும் தங்கம், ஒரு கொற சொல்ல முடியாது. வேளைக்கு ஆளாளுக்கு ஒரு பொட்டலம் வாசலுக்கே வந்துருது. பையன் கம்ப்யூட்டரப் பாத்துட்டே சாப்புடுவான், மருமவ போன்ல பேசிட்டே சாப்புடுவா, பேரன் கட்டல்ல படுத்துட்டே சாப்புடுவான். எனக்குன்னு டைனிங் டேபிளு. எட்டுப் பேரு உக்காரலாம். நான் ஒருத்தி சுவத்தப் பாத்து உக்காந்துட்டு, கவளத்த உருட்டுவேன், வெப்பேன், உருட்டுவேன். எறங்க மாட்டேன்னுது கண்ணு. அந்தக் கடையில எல்லாத்துலயும் உப்புக் கம்மி.

இனிமே இங்கயே இருந்துருங்கம்மா, எதுக்கு இந்த வயசுல வேலைன்னு பையன் புடிச்சான் புடி. நான் சொல்லிப்போட்டேன், ஹாஸ்டல்ல தண்ணிப் பிரச்சன இன்னும் தீரல சாமி, நான் இல்லாம ஆவாதுன்னு. காலைல இவ போன்ல அனுப்பியிருக்கறா பாரு, ருமைஸா. "மேடம் எப்ப வர்றீங்க? ஒரு ஆளு கொறையுது." நான் பதிலே அனுப்பல. பையத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

என்ன கண்ணு, டப்பாவ மூடிட்ட? நானும் அவினாசியில இருந்து பாக்கறேன், ரெண்டு வாய்க்கு மேல எடுக்கல. வயிறு நெறஞ்சிருச்சாமா. யாருகிட்டச் சொல்ற. புது ஊரு, தெரியாத ஹாஸ்டலு, அம்மா கட்டிக் குடுத்தது, தொறந்தா ஊட்டு நெனப்பு வருது. அங்க போயி ரூம்புச் சுவத்தப் பாத்துட்டு உக்காந்தா மட்டும் எறங்கிருமா?

தொற. தொறங்கறேன். அந்தப் பைய மடியில வெச்சு அதுக்கு மேல வை, ரெண்டு பேருக்கும் நடுவால. அது உன்ர பக்கம், இது என்ர பக்கம். நான் சும்மா உப்புப் பாக்கறேன், அவ்வளவுதான்.

ம். சரியாத்தான் இருக்குது. நல்லாருக்குதுன்னு அம்மாகிட்டச் சொல்லு. கடலப்பருப்ப எதுக்கு என்ர பக்கம் தள்ற? சரி, வை.

ஆர்ச்சு வந்துருச்சு, ஆமா, அதுதான் எங்க காலேஜு. வரட்டும். தம்பி, கண்டக்டர் தம்பி, இங்க நான் எறங்கல, நீ விசிலடி. கோபி வரைக்கும் டிக்கெட் போட்டுக்கோ, திரும்பி வர்ற பஸ்ல வந்துக்கறேன். புள்ளைக எனக்கோசரம் காத்துட்டுத்தான் இருக்கும், பரவால்ல.

நீ எதுக்கு அழுவற? உன்ர பக்கம் இன்னும் பாதி இருக்குது பாரு. மெதுவாச் சாப்புடு.